சைக்கிள் குடத் தைனமோ: ஒரு பழைய பொறியின் மறுவாழ்வு பற்றிய வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் பிறப்பு வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவர் கண்டுபிடித்தார், எப்பொழுது கண்டுபிடித்தார், எந்த நாடு முந்திக்கொண்டது என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்தவுடன் வரலாறு முற்றுப்பெற்றதாக எண்ணப்படுகிறது. அப்பொறி மக்கள் கையில் எத்தனை ஆண்டுகள் உழைத்தது, எக்காரணத்தாற் கைவிடப்பட்டது, கைவிடப்பட்டபின் அதற்கு நேர்ந்தது யாது என்பன அரிதாகவே ஆராயப்படுகின்றன. புதியது வந்தது, பழையது போயிற்று என்ற ஒற்றை வாய்பாட்டினுள் யாவும் அடங்கிவிடுகின்றன. இவ்வாய்பாடு எவ்வளவு தூரம் உண்மையானது என்பதைச் சிறியதொரு பொருளைக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள் சைக்கிளின் சில்லுக் குடத்தினுள்ளே அமைந்த மின்பிறப்பாக்கியாகும். இதனைக் குடத் தைனமோ என அழைக்கலாம்.

இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் உருவான டைனோஹப் ஆகும். 1930களில் விற்பனைக்கு வந்த இதன் உற்பத்தி 1984இல் நின்றது. வலுவற்றது, காலங்கடந்தது என்று ஒதுக்கப்பட்ட இப்பொறியை இன்று பழைய சைக்கிள்களில் ஈடுபாடுடையோர் கழற்றித் துடைத்து, புதிய விளக்குகளுடன் இணைத்து மீண்டும் வீதிக்குக் கொண்டுவருகின்றனர். இது வெறும் பழம்பொருட் பற்றன்று. பழைய தைனமோ முன்னரிலும் பன்மடங்கு ஒளியை இன்று தருகின்றது. இஃது எவ்வாறு சாத்தியமாயிற்று என ஆராயுமிடத்து, முதுமையெய்தியது தைனமோவன்று, அதனோடு இணைக்கப்பட்டிருந்த மின்குமிழே என்னும் உண்மை புலனாகும்.

தைனமோவுக்கு முந்திய ஒளி

சைக்கிள் மனிதனின் பயணத் தூரத்தை விரிவாக்கிய அதே வேளையில் அவனை இருளினுள்ளும் கொண்டுசென்றது. தொழிற்சாலையில் மாலை வரை உழைத்தவன் வீடு திரும்புவது இரவிலேயே. ஆரம்பத்தில் மெழுகுதிரி விளக்கும் எண்ணெய் விளக்கும் சைக்கிளிற் கட்டப்பட்டன. 1890களின் இறுதியிலிருந்து காபைட்டு விளக்கு பரவியது. கல்சியங்காபைட்டின் மேல் நீர் துளித்துளியாக விழ, எழும் அசற்றலீன் வாயு எரிந்து வெண்ணிற ஒளியைத் தந்தது. ஒளி சிறந்ததாயினும் ஒவ்வொரு நாளும் சாம்பலை அகற்றி, காபைட்டு நிரப்பி, நீர் அளந்து ஊற்றவேண்டும். உலர் மின்கலம் இவ்வேலைகளைக் குறைத்தது. ஆனால் அதுவும் தீர்ந்து தீர்ந்து வாங்கப்படவேண்டிய பொருளே. இவையனைத்துக்கும் பொதுவானது ஒன்றுண்டு: இரவுப் பயணம் ஒவ்வொன்றுக்கும் தொழிலாளி தன் கூலியிலிருந்து ஒரு சிறு தொகையைச் செலுத்தவேண்டியிருந்தது.

செலவின்றி ஒளி பெறுவதற்கான தத்துவம் நெடுங்காலமாகவே அறியப்பட்டிருந்தது. 1831இல் மைக்கேல் பரடே மின்காந்தத் தூண்டலை நிறுவினார். காந்தம் சுருளின் அருகே அசையுமாயின் சுருளில் மின் தூண்டப்படும். சைக்கிளிலோ அசைவு தாராளமாக உண்டு. இத்தத்துவத்தைப் பயன்படுத்தி எழுந்தனவே ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் போத்தல் வடிவத் தைனமோக்கள். ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1923இல் சைக்கிள் விளக்குத் தொகுதியை விற்பனைக்கு விட்டது. இலங்கை, இந்திய வீதிகளிலும் பெரிதும் காணப்பட்டது இவ்வகையே.

உரசும் தைனமோவின் குறைகளை அதனைப் பாவித்தோர் நன்கறிவர். மிதிப்போருக்கு அது பாரமாக இருக்கும், ஓயாது இரையும், ரயரின் பக்கத்தைத் தேய்க்கும். மழை பெய்து ரயர் நனைந்தால் உருளை வழுக்கும். ஒளி மிகவும் வேண்டப்படும் மழையிரவிலேயே அது கைவிட்டுவிடும் என்பதுதான் பெருங்குறை.

நொட்டிங்காமின் டைனோஹப்

நொட்டிங்காமில் 1880களின் இறுதியில் பிராங்க் பௌடனின் கையில் வளர்ந்த றலி நிறுவனம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் பெருஞ் சைக்கிள் உற்பத்தி நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. 1902இல் ஹென்றி ஸ்ரேமி, ஜேம்ஸ் ஆர்ச்சர் ஆகியோரின் பெயர்களோடு தொடர்புற்ற மூவேகக் கியர் பௌடனின் ஆதரவில் உருப்பெற்றது. பின்சில்லின் குடத்தினுள்ளேயே கியர்ச் சக்கரங்கள் முழுவதையும் மறைத்து, தூசியும் நீரும் புகாது காத்தமையே அதன் சிறப்பாகும். இதே சிந்தனை மரபின் தொடர்ச்சியாகவே குடத்தினுள் மின்பிறப்பாக்கியை அமைக்கும் எண்ணத்தையும் நாம் நோக்குதல் வேண்டும்.

டைனோஹப்பை வடிவமைத்தவர் ஜோர்ஜ் வில்லியம் றோலிங்ஸ் ஆவர். 1935 முதல் இதற்கான காப்புரிமைகளை அவர் பெற்றார். ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனம் முதலில் 12 வோல்ற்று மாதிரியையும், பின்னர் 8 வோல்ற்று மாதிரியையும் வெளியிட்டது. இரண்டாம் உலகப்போரின் பின் நிலைபெற்றது 6 வோல்ற்று, 2 வாற்று மாதிரியாகும். முன்சில்லுக்குரியதன்றி, மூவேகக் கியரும் தைனமோவும் ஒரே குடத்தில் அமைந்த பின்சில்லு மாதிரியும் செய்யப்பட்டது.

அது தோன்றிய காலமும் கவனித்தற்குரியது. 1931இல் யப்பானிய அறிஞர் மிஷிமா, இரும்பு, நிக்கல், அலுமினியம் ஆகியவற்றின் கலப்பிலிருந்து அதற்கு முன்னைய உருக்குக் காந்தங்களை விஞ்சிய நிலைக்காந்தத்தைக் கண்டறிந்தார். இவ்வகைக் கலப்புலோகங்களின் வளர்ச்சி சிறிய இடத்தில் வலிய காந்தத்தை அமைக்க வழிவகுத்தது. தனிமனிதரின் திறமையும் காலத்தின் பொருள்நிலையும் ஒன்றுகூடும்போதே புதுப்பொறி பிறக்கின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்றெனலாம்.

அதன் அமைப்பு எளியது. குடத்தின் ஒரு பக்கத்திலுள்ள பேரி போன்ற பகுதியினுள் 20 முனைவுகள் கொண்ட வளையக் காந்தம் பொருத்தப்பட்டுள்ளது. சில்லுடன் அது சுழலும். அதன் நடுவே, அச்சாணியுடன் அசையாது நிற்கும் இரும்புச் சட்டகத்தில் கம்பிச் சுருள் உண்டு. சுருள் அசையாது நிற்பதால் மின்னை வெளியே எடுப்பதற்குத் தேயும் தூரிகைகள் தேவையில்லை. ரயரில் உரசும் உருளையும் இல்லை, சத்தமும் இல்லை. தேய்வுறும் பகுதிகள் எந்தச் சில்லுக்கும் உரிய எஃகுக் குண்டுகளும் அவை ஓடும் கிண்ணங்களும் கோன்களும் மட்டுமே.

20 முனைவுகள் எனின், சில்லு ஒரு முறை சுற்றும்போது ஆடலோட்டம் 10 அலைவுகளை ஆற்றும். சில்லின் சுற்றளவை ஏறத்தாழ 2.1 மீற்றராகக் கொண்டால், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 2.6 முறை சுழலும். மீடிறன் 26 ஹேட்சு ஆகும். நடைவேகத்தில் இது 7 ஹேட்சுக்குக் குறைந்து, ஒளி கண்ணுக்குப் புலனாகும்படி துடிக்கும்.

இன்னொரு பண்பும் குறிப்பிடத்தக்கது. வேகம் கூடும்போது தூண்டப்படும் மின்னழுத்தம் கூடுகிறது. ஆனால் மீடிறனும் கூடுவதால் சுருள் தன் தூண்டற்றன்மையால் ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பும் கூடவே வளர்கிறது. ஆதலால் ஒரு வேகத்துக்கு மேல் ஓட்டம் ஏறத்தாழ மாறாது நிற்கிறது. சரிவில் விரைந்து இறங்கும்போது குமிழ் எரிந்துபோகாமற் காப்பது இப்பண்பே. பல தசாப்தங்களின் பின் இதே பண்பு வேறொரு விளக்குக்கு உதவவிருந்தது.

சட்டமும் இருட்டடிப்பும்

சைக்கிள் விளக்கின் வரலாறு வீதியின் உரிமை பற்றிய வரலாறுமாகும். மோட்டார் வண்டிகள் பெருகிய 1920, 1930களில் பிரித்தானியாவில், சைக்கிளின் பின்புறத்தில் சிவப்பு விளக்கு கட்டாயமாக்கப்படவேண்டுமா என்பது கடும் விவாதத்துக்குரியதாயிற்று. 1927ஆம் ஆண்டின் சட்டம் விளக்குக்குப் பதிலாக ஒளிதெறிப்பானை அனுமதித்தது. 1878இல் தோன்றிய சைக்கிளோட்டிகளின் சுற்றுலாக் கழகம் கட்டாய விளக்கை எதிர்த்தது. தன் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில் வண்டியோட்டுவது சாரதியின் கடமை. மோதப்படாதிருக்கும் பொறுப்பை மோதப்படுபவன் தலையிற் சுமத்தலாகாது என்பது அதன் வாதம். பாதசாரி முதுகில் விளக்கேந்திச் செல்லவேண்டுமெனச் சட்டம் கூறுவதில்லை என்பதை நினைவுகூரின் இவ்வாதத்தின் வலிமை விளங்கும்.

இவ்விவாதத்தை முடித்துவைத்தது போர். 1939 செப்ரெம்பர் 1ஆம் திகதி பிரித்தானியாவில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைந்தன, வாகன விளக்குகள் மூடியிடப்பட்டன, சைக்கிளுக்குப் பின்விளக்கு கட்டாயமாயிற்று. பெற்றோல் தட்டுப்பாட்டால் வாகனங்கள் குறைந்திருந்தும், 1941இல் வீதி விபத்துக்களில் இறந்தோர் தொகை 9,169 ஆக உயர்ந்தது. போர்க்கால விதி 1945ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிலையானதாயிற்று. மோட்டார் சாரதியின் கண்ணுக்குத் தென்படும் பொறுப்பு இவ்வாறு சைக்கிளோட்டியின் நிரந்தரக் கடமையாகிவிட்டது.

இப்பின்னணியிலேயே போரின் பின் டைனோஹப் பெற்ற செல்வாக்கை விளங்கிக்கொள்ளவேண்டும். சட்டம் விதித்த ஒளியைத் தினந்தோறும் விலைகொடாமற் பெற அது வழிசெய்தது. எனினும் சில்லு நின்றால் விளக்கும் அணையும். சந்தியில் நிற்பவனே பின்னால் வரும் வண்டிக்கு மிகவும் அஞ்சவேண்டியவன். இதனைத் தீர்க்க உலர் மின்கலங்களை அடக்கிய குழாயொன்று சட்டகத்திற் பொருத்தப்பட்டது. பின்னர், வேகம் குறைந்ததும் தானாகவே மின்கலத்துக்கு மாறும் ஆளியும் சேர்க்கப்பட்டது. ஆனால் மின்கலத்திலிருந்து விடுதலை தருவதாக வந்த பொறி மீண்டும் மின்கலத்தை நாடவேண்டியதாயிற்று.

வீழ்ச்சியும் அதன் காரணமும்

1950களின் பின் பிரித்தானியத் தொழிலாளி படிப்படியாக மோட்டார் வண்டிக்கு மாறினான். 1960இல் றலி, ரியூப் இன்வெஸ்ற்மென்ற்ஸ் என்னும் பெருநிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. சைக்கிள் அன்றாட ஊர்தி என்ற நிலையிலிருந்து ஓய்வுநேரப் பொருளாக மாறியபோது, பாரமான குடமும் நிலையான விளக்கும் வேண்டப்படாதனவாயின. 1984இல் டைனோஹப்பின் உற்பத்தி நின்றது. 2000இல் ஸ்ரேமி ஆர்ச்சர் நிறுவனமே தைவானின் சன்ரேஸ் வசமாயிற்று.

குடத் தைனமோ என்னும் எண்ணம் அத்துடன் மறையவில்லை. சைக்கிளுக்குத் தைனமோ விளக்கைச் சட்டம் வற்புறுத்திய ஜேர்மனியில் 6 வோல்ற்று, 3 வாற்று என்பதே நியமமாக இருந்தது. 1980களின் தொடக்கத்திற் கண்டறியப்பட்ட நியோடிமியக் காந்தம், அந்த 3 வாற்றைச் சிறிய குடத்தில் அடக்க உதவியது. 1990களில் தூபிங்கன் நகரில் வில்பிரீட் ஷ்மிட் உருவாக்கிய குடத் தைனமோ இவ்வகையிற் புகழ்பெற்றது. இதனோடு ஒப்பிட்டுப் பழைய டைனோஹப்பின் 2 வாற்று போதாது என்னும் தீர்ப்பு வழங்கப்பட்டது.

இத்தீர்ப்பை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கியது விளக்கில் நேர்ந்த மாற்றமாகும். சிறிய இழைக்குமிழ் தனக்குக் கிடைக்கும் சக்தியின் மிகப் பெரும் பங்கை வெப்பமாகவே இழக்கிறது. ஒரு வாற்றுக்கு அது தருவது ஏறத்தாழ 10 லூமன் ஒளியே. 1990களின் தொடக்கத்தில் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோரின் உழைப்பால் பிரகாசமான நீல ஒளிகாலும் இருவாயி உருவாயிற்று. எல்.ஈ.டி. என நாம் வழங்கும் வெண்விளக்கு இதனின்றே பிறந்தது. 2014இல் மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. இன்றைய வெண் இருவாயி ஒரு வாற்றுக்கு 100 லூமனுக்கு மேல் தருகிறது. அதாவது 1950இல் மங்கலான ஒளிவட்டத்தைத் தந்த அதே 2 வாற்று, இன்று பத்து மடங்கு ஒளியைத் தரவல்லது. தைனமோவில் ஒரு கம்பியேனும் மாறவில்லை. மாறியது அதன் துணையே.

புதுப்பித்தல் என்னும் வினை

இனி, பழைய டைனோஹப் இன்றைய பாவனைக்கு எவ்வாறு ஆயத்தஞ்செய்யப்படுகிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவோம். இதில் முதல் விதி காந்தத்தைப் பற்றியது. காந்த வளையத்தையும் உள்ளேயுள்ள இரும்புச் சட்டகத்தையும் வெறுமனே பிரித்தெடுக்கலாகாது. அக்காலக் கலப்புலோகக் காந்தத்தின் காந்தப் பாயம் இரும்பினூடாக மூடிய சுற்றொன்றை வேண்டிநிற்பது. இரும்பு விலகினால் காந்தவலுவின் ஒரு பகுதி மீளாது போய்விடும். ஆகவே சட்டகத்தை வெளியே தள்ளும்போதே அதே அளவான மெல்லிரும்பு வளையமொன்றை அதன் இடத்திற் செலுத்தவேண்டும். இதனை அறியாத கை ஆர்வத்தோடு பிரித்தமையால் வலுவிழந்த குடங்கள் பல. திறந்து பார்ப்பதே அழித்துவிடுவதாகும் பொருள்களுள் இதுவும் ஒன்று.

காந்தத்தைத் தொடாமலே செய்யக்கூடிய வேலைகள் பல உண்டு. சுருளின் இரு முனைகளுக்கிடையே தடையை அளந்தால், சில ஓம் மட்டுமே காட்டவேண்டும். அளவு எல்லையற்றதாயின் கம்பி அறுந்துள்ளது. முனைக்கும் அச்சாணிக்கும் இடையே தொடர்பு காட்டுமாயின் காவலி கெட்டுள்ளது. துணியுறையிட்ட பழைய கம்பிகள் பெரும்பாலும் உக்கியிருக்கும்; அவற்றை மாற்றவேண்டும். இறுகிய கிறீசை மண்ணெண்ணெயாற் கழுவி, தேய்ந்த குண்டுகளை மாற்றி, புதுக் கிறீசிட்டு, கோன்களை ஆட்டமும் இறுக்கமும் இல்லாதவாறு அமைத்தல் எந்தச் சைக்கிள் திருத்துநரும் அறிந்த வேலையே. ஆட்டம் இருப்பின் காந்தமும் சட்டகமும் ஒன்றோடொன்று உரசும்; அவற்றுக்கிடையிலான இடைவெளி அத்துணை நுண்ணியது.

சில்லுக் கட்டுவதிலும் வரலாறு குறுக்கிடுகிறது. பழைய பிரித்தானிய மரபு முன்சில்லுக்கு 32 கம்பிகளும் பின்சில்லுக்கு 40 கம்பிகளும் இடுவது. பிற்கால நியமம் இரண்டுக்கும் 36 என்றாயிற்று. ஆகவே 40 துளைப் பின்குடத்துக்கு ஏற்ற றிம் மேல்நாட்டுக் கடைகளில் அருகிப்போயிற்று. பிரித்தானியர் கைவிட்ட பழைய மரபை இந்தியச் சைக்கிள் தொழில் தொடர்ந்து பேணியது.

மின்வேலையிலேயே புதுமை புகுகின்றது. ஒளிகாலும் இருவாயிக்கு வேண்டியது நேரோட்டம். தைனமோ தருவதோ ஆடலோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலமாக இணைத்து இதனைச் சீராக்கலாம். சாதாரண சிலிக்கன் இருவாயி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.7 வோல்ற்று இழக்கப்படும். பாலத்தில் ஓட்டம் ஒரே நேரத்தில் இரண்டினூடாகச் செல்வதால் 6 வோல்ற்றில் 1.4 வோல்ற்று வீணாகும். ஷொட்கி வகை இருவாயிகள் இவ்விழப்பை ஏறத்தாழப் பாதியாக்கும். கொள்ளளவியொன்று துடிப்பைத் தணிக்கும். ஒரு பரட் அளவான பெருங்கொள்ளளவியைச் சேர்த்தால் சைக்கிள் நின்ற பின்னும் சில நிமிடங்கள் சிறுவிளக்கு எரியும். மின்கலக் குழாயும் தானியங்கி ஆளியும் அன்று தீர்க்கமுனைந்த பிரச்சினை இன்று விரல்நுனியளவான உறுப்பொன்றால் தீர்ந்துவிடுகிறது. ஓட்டம் தானாகவே வரையறைப்படும் என முன்னர் கூறிய பண்பும் இங்கு கைகொடுக்கிறது. ஒளிகாலும் இருவாயி வேண்டுவது மாறா ஓட்டமே. பழைய தைனமோ தருவதும் அதுவே.

எனினும் மிகைப்படுத்தல் தகாது. கைத்தொலைபேசியை மின்னேற்ற 2 வாற்று போதுமானதென்று கூறவியலாது. யூ.எஸ்.பி. நியமத்தின் எளிய அளவே 5 வோல்ற்றில் அரை அம்பியர், அதாவது 2.5 வாற்று. சீராக்கலின் இழப்பும் சேர்ந்தால் மின்னேற்றம் மிக மெதுவாகவே நடைபெறும். எல்லாப் பழம்பொருளும் எல்லாப் புதுத்தேவைக்கும் பொருந்தும் என்பது நம் வாதமன்று.

பழைய விளக்கினுள் புதிய உறுப்புகளைப் புகுத்துவது அதன் வரலாற்றுத் தன்மையைக் கெடுக்காதா என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. இதற்குச் சிறந்த விடை மீட்கத்தக்க மாற்றம் என்னும் நெறியாகும். விளக்குக் கூட்டில் புதுத் துளையிடாது, பழைய குமிழ் தாங்கியை வெட்டாது, சீராக்கியை வெறுமையான மின்கலக் குழாயினுள் ஒளித்துவைப்பின், நாளை எவரேனும் விரும்பினால் அனைத்தையும் முன்னைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

பயன்பாடும் வரலாறும்

பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன், தொழினுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளை மட்டுமன்றிப் பயன்பாட்டையும் மையமாகக் கொண்டு எழுதப்படவேண்டும் என வாதிட்டுள்ளார். ஒரு பொறியின் பயனைத் தீர்மானிப்பவன் அதனைச் செய்தவன் மாத்திரமல்லன்; அதனை வைத்திருப்பவனுமாவான். இதற்கு ஈழத்தவராகிய நாம் தொலைவிற் சான்று தேடவேண்டியதில்லை. 1990இன் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையால் உலர் மின்கலங்களும் கிட்டாதனவாயின. அவ்வாண்டுகளில் எமது மக்கள் சைக்கிளை நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, ரயரில் உரசும் தைனமோவின் மின்னைக் கொண்டு வானொலி கேட்டனர். வானொலிக்கு வேண்டியதும் நேரோட்டமே. மேலே விவரித்த சீராக்கல் என்னும் வினையை ஆய்வுகூடமின்றி, அங்காடியின்றி, கழற்றிய பழைய உறுப்புகளைக் கொண்டே செய்யவேண்டியிருந்தது. ஒருவர் மிதியைச் சுழற்ற, சூழவிருந்தோர் மாலைச் செய்திக்குச் செவிகொடுத்தனர். நொட்டிங்காமிலோ ஜேர்மனியிலோ தைனமோவை வரைந்த எவரும் இப்பயன்பாட்டை எண்ணியிருக்கமாட்டார்.

நொட்டிங்காமின் குடமும் யாழ்ப்பாணத்தின் உரசு தைனமோவும் வெவ்வேறு வகையின. எனினும் அவை உணர்த்தும் உண்மை ஒன்றே. பொறியொன்றின் பெறுமதி அதனுள்ளே மட்டும் அடங்கியதன்று. அதனோடு இணையும் விளக்கும், அதனை ஆளும் சட்டமும், அதனைச் சூழ்ந்த தட்டுப்பாடும், அதனைத் திருத்தத் தெரிந்த கையும் கூடியே அப்பெறுமதியை நிர்ணயிக்கின்றன. காலங்கடந்தது எனத் தீர்ப்பளிப்பதற்கு முன் எதனுடன் சேர்த்து, யாருடைய தேவைக்கு என்று கேட்டல் வேண்டும்.

இவற்றுள் மிக விரைவாக அழியக்கூடியது திருத்தத் தெரிந்த கையின் அறிவே. காப்புரிமைப் பத்திரங்கள் சுவடிக்கூடங்களில் இருக்கும். சட்டங்கள் நூலகங்களில் இருக்கும். காந்தத்தைப் பிரிக்குமுன் இரும்பு வளையத்தைச் செலுத்தவேண்டும் என்ற எச்சரிக்கையும், தைனமோவைக் கொண்டு வானொலியைப் பேசவைத்த உபாயமும் பெரும்பாலும் மனிதரின் நினைவில் வாழ்பவை. எமது ஊர்களிற் சைக்கிள் கடை வைத்திருந்தோரும் வானொலி திருத்தியோரும் முதுமையெய்தி வருகின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவைத்தல் வரலாற்று மாணவருக்கு உரிய பணியாகும். அப்பணி தாமதிக்கப்படின், பின்னர் எந்தப் புதுப்பித்தலாலும் அதனை மீட்க இயலாது.